மரப் பேட்டர்ன் எடையை வைத்து உலோகக் கணக்கு: எத்தனை மடங்கு போடுவது?

பாலக்கோடு லேத்:
வணக்கம். பாலக்கோட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பின்னால் ஒரு டீசல் பர்னர் அடுப்பும் உண்டு. ராகி அரைக்கிற மில்லுக்கு 12 அங்குல அலுமினியப் புல்லி, மூன்று பெல்ட் ஓடுவது, ஊற்றித் தரச் சொன்னார்கள். பேட்டர்ன், அதாவது மணலில் அச்சுப் பதிக்கிற மாதிரி, நானே மரத்தில் செய்தேன். எடை போட்டால் 1 கிலோ 430 கிராம். மரத்தின் எடையை நாலால் பெருக்கினால் அலுமினிய எடை வந்துவிடும் என்று முன்பு ஒருவர் சொன்னதை நம்பி 5.7 கிலோ, ரன்னர் ரைசருக்கு (உலோகம் ஓடும் வாய்க்காலும், ஆறும்போது குறைவதை ஈடுகட்ட மேலே நிற்கும் உலோகமும்) ஒரு கிலோ, ஆக ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உருக்கி ஊற்றினேன். ரைசருக்கு உலோகம் வரவே இல்லை. பிரித்துப் பார்த்தால் ரிம்மின் மேல் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு நிரம்பாமல் நிற்கிறது. ஒரு நாள் வேலை, டீசல், மணல் எல்லாம் போச்சு. நாலு மடங்கு என்பது தப்பா? வேறு என்ன கணக்கு? இன்னொன்று, குறைந்த பாகத்தின்மேல் மறுபடி உருக்கி ஊற்றினால் பிடித்துக்கொள்ளுமா?

ஓசூர் மரவேலை:
நாலு மடங்கு தப்பு என்று சொல்லமாட்டேன், அது தேக்குக்கான கணக்கு. நீங்கள் எந்த மரத்தில் செய்தீர்கள்?

பாலக்கோடு லேத்:
ரிம்மும் நடுப்பலகையும் பேக்கிங் பெட்டி மரம்ங்க, ஓசூர் பக்கம் மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளை உடைத்து விற்பார்களே, அந்த வெளுத்த பைன். நடுவில் ஷாஃப்ட் நுழைகிற பருத்த பாகம், பாஸ், அது மட்டும் பழைய ஜன்னல் சட்டத் தேக்கில் கடைந்தது, ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறேன், கழற்றலாம்.

ஓசூர் மரவேலை:
அங்கேதான் பிசகு. அந்த மடங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் இனி யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேட்டர்ன் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு இடத்தைத்தான் உலோகம் அடைக்கும். ஆகவே மடங்கு என்பது உலோகத்தின் அடர்த்தியை மரத்தின் அடர்த்தியால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். அலுமினிய வார்ப்புக் கலவை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.68 கிராம். நன்றாகக் காய்ந்த தேக்கு 0.65 சுமாருக்கு இருக்கும். வகுத்தால் 4.1. உங்களுக்குச் சொன்னவர் தேக்குப் பேட்டர்னில் பழகியவராக இருந்திருப்பார். அதே தேக்குக்கு வார்ப்பிரும்பு என்றால் 7.2 அடர்த்தி, 11 மடங்கு. பித்தளை 13 மடங்கு. பைன் மரம் தேக்கைவிட நிறைய லேசு, 0.4 முதல் 0.5 வரை எங்கேயும் நிற்கும். லேசான மரம் என்றால் மடங்கு கூடும். பழைய பவுண்டரிப் புத்தகங்களில் பைனுக்கு வார்ப்பிரும்பு 16 மடங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தேக்குப் பேட்டர்னுக்கு 16 போட்டால் உலோகம் மிச்சமாகும். தேக்குக் கணக்கைப் பைனுக்குப் போட்டால் உங்களுக்கு நடந்தது நடக்கும்.

நான் செய்வது இதுதான். பேட்டர்ன் அறுத்த அதே பலகையில் மிஞ்சிய துண்டு ஒன்றை 100 மில்லிமீட்டர் நீளம், 50 அகலம், 20 தடிமனுக்குத் துல்லியமாக இழைத்துக்கொள்வேன். அது சரியாக 100 கன சென்டிமீட்டர். நகைக்கடையிலோ மளிகையிலோ கிராம் காட்டும் தராசில் போடுங்கள். அது எத்தனை கிராமோ, 268-ஐ அதனால் வகுத்தால் உங்கள் பலகைக்கு உங்கள் அலுமினிய மடங்கு வந்துவிடும். மரத்தின் பெயரே தெரிய வேண்டாம். துண்டும் பேட்டர்னும் ஒரே நாளில் எடை போட வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் மழைக்காலத்தில் ஓசூர்க் காற்றில் ஒரு மாதம் கிடந்த பலகை தண்ணீர் குடித்து நூற்றுக்கு அஞ்சாறு பங்கு எடை ஏறிவிடும். துண்டும் அதே ஈரத்தில் இருந்தால் அந்தப் பிழை கணக்கிலேயே அடிபட்டுப் போகும்.

அப்புறம் ஸ்க்ரூ, ஆணி, தட்டி எடுக்கிற இரும்புத் தகடு இதெல்லாம் பேட்டர்னில் இருந்தால் எடையில் கழிக்க வேண்டும். மூலைகளில் கார் பட்டி அப்பியிருந்தாலும் அப்படித்தான், அது மரத்தைப்போல மூன்று மடங்கு கனம், கால் கிலோ பட்டி பூசிய பேட்டர்னை மரமென்று நினைத்துப் பெருக்கினால் கணக்கு வானத்துக்குப் போகும்.

ராயக்கோட்டை வரைபடம்:
இவ்வளவு சுற்று எதற்கு என்று புரியவில்லை. கம்ப்யூட்டரில் புல்லியை வரைந்தால் கன அளவை அதுவே சொல்லிவிடுமே. அலுமினியம் என்று தேர்ந்தெடுத்தால் கிலோவிலேயே காட்டும். நான் ஓசூரில் டிசைன் வேலையில் இருக்கிறேன், தராசில் மரத்தை வைத்து யாரும் பார்த்ததில்லை. வேண்டுமென்றால் அளவுகளை அனுப்புங்கள், வரைந்து தருகிறேன்.

பழைய மோல்டர்:
தம்பி ராயக்கோட்டை, வரைபடம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வரைவது கடைசல் முடிந்த புல்லி. மணலில் ஊற்றுவது அது அல்ல. கடைவதற்குச் சுற்றிலும் மூன்று மில்லி விட்டிருக்கிறார், பெல்ட் பள்ளம் மூன்றும் பேட்டர்னில் கிடையாது, ரிம் முழுதாக நிற்கும். மணலிலிருந்து தூக்க வேண்டிச் சரிவு கொடுத்திருக்கிறார், மூலைகளை உருட்டியிருக்கிறார், நடுப்பலகை 12 மில்லி என்று வரைந்து கையில் இழைக்கும்போது 14-ல் நிறுத்தியிருக்கலாம். தராசு இவை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லும். பேட்டர்னையே கம்ப்யூட்டரில் வரைந்து அப்படியே வெட்டி எடுத்தால் உங்கள் எண் சரியாக வரும். பழைய பேட்டர்ன் ஒன்றை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து நாளைக்கு ஊற்றித் தாருங்கள் என்பவரிடம் வரைபடத்துக்கு எங்கே போவது?

பாலக்கோடு தம்பிக்கு: முதலில் அந்த இரண்டாவது கேள்வி. பிடிக்காது. ஆறின அலுமினியத்தின் மேல் ஆக்சைடு தோல் படிந்துவிடும், அதன்மேல் ஊற்றினால் ஒட்டினதுபோலத் தெரியும், லேத்தில் டூல் படும்போது வெண்ணெய்க்கட்டி மாதிரிப் பிளந்துகொண்டு வரும். அதை உடைத்து அடுத்த உருக்கில் போட்டுவிடுங்கள். ஊற்றும்போது பாதியில் உலோகம் தீர்ந்தால் அந்த அச்சு அதோடு முடிந்தது. அதனால்தான் இந்தக் கணக்கில் ஒரு கிலோ கூடினால் பரவாயில்லை, நூறு கிராம் குறையக்கூடாது.

இப்போது கோர், அதாவது ஓட்டை வர வேண்டிய இடத்தில் அச்சுக்குள் வைக்கிற மணல் கட்டை. 35 வருடம் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் மோல்டிங் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எடைக் கணக்கில் அதிகம் பேர் தவறுவது மரத்தில் இல்லை, கோரில்தான். உங்கள் பாஸ் முழு மரம், நடுவில் ஷாஃப்ட் ஓட்டை கோர் வைத்து வருகிறது, சரியா? மேலும் கீழும் கோர் உட்காரும் மொட்டு நீட்டிக்கொண்டிருக்கும். மொட்டு இருக்கும் இடத்தில் உலோகம் வராது, ஓட்டை இருக்கும் இடத்திலும் வராது. நிறையப் பேர் மொட்டின் எடையைப் பேட்டர்னில் கழிப்பார்கள், பிறகு கோரை முழுசாகக் கழிப்பார்கள். மொட்டு இரண்டு தடவை கழிந்துவிடும். கோரின் நுனிதானே மொட்டுக்குள் போய் உட்காருகிறது? ஆகவே பேட்டர்னை மொட்டோடு எடை போடுங்கள், கோரை நுனியோடு எடை போடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரியாக உலோகம் நிற்கும் இடம்தான் மிஞ்சும்.

கோர் மணலுக்கு அடர்த்தி ஏறத்தாழ 1.6 வைத்துக்கொள்ளுங்கள். கோர் எடையை 1.7-ஆல் பெருக்கினால் அது தள்ளும் அலுமினியம். வார்ப்பிரும்புக்கு 4.5, பித்தளைக்கு 5.3. உங்கள் புல்லியில் கோர் சின்னது, தெரியாது. பம்பு உடல் மாதிரி உள்ளே முழுக்கக் கூடாக இருப்பதில் கோரை மறந்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

கிருஷ்ணகிரி பித்தளை:
நாங்கள் விளக்கும் மணியும் மெழுகில் செய்கிறவர்கள், அதே கணக்கு எங்களுக்கும் உண்டு என்பதால் எழுதுகிறேன். தேன்மெழுகு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு, 0.96. குங்கிலியம் கலந்தால் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்கே வந்துவிடும். பித்தளை எட்டரை. அதனால் மெழுகு ஒரு பங்குக்குப் பித்தளை ஒன்பது பங்கு. எங்கள் அப்பா வாய்க்கால் மெழுகையும் உருவத்தோடு சேர்த்து ஒட்டி, மொத்தமாகத் தராசில் வைத்துப் பத்தால் பெருக்குவார், அந்த ஒரு பங்கு சேதாரத்துக்கு. எங்களுக்குக் கோர் கழிக்கும் தொல்லை கிடையாது, உள்ளே களிமண் இருக்க அதன்மேல் ஓடுபோலத்தான் மெழுகு சாத்துகிறோம், போட்ட மெழுகை மட்டும் முதலிலேயே எடைபோட்டு எழுதிவிடுவோம்.

மரப் பேட்டர்ன்காரர்களும் வாய்க்காலைச் சேர்த்து எடை போடலாமே என்று எனக்குத் தோன்றும். ஊற்றுவாய்க் குச்சி, ரைசர் குச்சி எல்லாம் மரம்தானே?

பழைய மோல்டர்:
பித்தளை ஐயா சொன்னது அருமையான யோசனை, நானும் அப்படித்தான் பழக்கினேன். ஊற்றுவாய்க் குச்சி, ரைசர்க் கட்டைகள், ரன்னருக்கு வைக்கிற ரீப்பர் எல்லாவற்றையும் பேட்டர்ன் மரத்திலேயே செய்துவிட்டால் சேர்த்துத் தராசில் வைத்து ஒரே மடங்கால் பெருக்கலாம். கையால் மணலில் வெட்டுகிற கிண்ணமும் கேட்டும் (உலோகம் அச்சுக்குள் நுழையும் வாய்) மட்டும் கண்மதிப்பு. தம்பி ரன்னர் ரைசருக்கு ஒரு கிலோ என்று போட்டது ரொம்பக் குறைவு. இந்த அளவு புல்லிக்குப் பாஸ் மேல் ஒரு ரைசர் 60 மில்லி விட்டம், 100 உயரம் வைத்தாலே அதுமட்டும் முக்கால் கிலோ. மணலில் ஊற்றும் அலுமினியத்தில் புல்லியின் எடையில் மூன்றில் ஒரு பங்காவது வாய்க்காலுக்கும் ரைசருக்கும் போகும், பாதி போவதும் உண்டு.

பென்னாகரம் வாத்தியார்:
நான் பவுண்டரிக்காரன் இல்லை, இயற்பியல் ஆசிரியர். எல்லோரும் கன அளவைத்தான் தேடுகிறீர்கள், மரத்தின் எடை அதற்கு ஒரு சுற்றுவழி. நேராகவே கன அளவை எடுத்துவிட்டால் பைனா தேக்கா, பட்டியா ஆணியா என்ற கேள்வியே எழாது.

முதல் வழி தண்ணீர். எலக்ட்ரானிக் தராசின் மேல் அகலமான தொட்டியில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பேட்டர்ன் மிதக்கும், மெல்லிய கம்பி இரண்டால் தண்ணீருக்குள் முழுதாக அமுக்கிப் பிடியுங்கள், தொட்டியின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. தராசு எத்தனை கிலோ காட்டுகிறதோ அத்தனை லிட்டர் பேட்டர்னின் கன அளவு. மரம் மிதக்கிறதே, கையால் அழுத்துகிறோமே, எண் தப்பாகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆகாது. தண்ணீர் பேட்டர்னை மேலே தள்ளும் விசையும் அது தராசைக் கீழே தள்ளும் விசையும் ஒன்றேதான், அது விலகிய தண்ணீரின் எடை. ஆர்க்கிமிடிஸ் தத்துவம் வேறொன்றும் இல்லை. ரிம்முக்கு உள்பக்கம் குழியில் காற்று நிற்கும், சாய்த்து அமுக்கி வெளியேற்றுங்கள்.

வார்னிஷ் அடிக்காத மரத்தை நனைக்க மனம் வராதவர்களுக்கு நம் ஊரில் ராகி இருக்கிறது. உருண்டையான சின்னத் தானியம், தண்ணீர் மாதிரியே இடுக்கில் எல்லாம் ஓடி அடையும். பேட்டர்ன் கொள்கிற மரப்பெட்டி ஒன்றில் ராகியைத் தலைதட்டி நிரப்புங்கள். பின்பு எல்லாவற்றையும் ஒரு அண்டாவில் கொட்டிவிட்டு, பெட்டியின் அடியில் கொஞ்சம் ராகி பரப்பிப் பேட்டர்னை வைத்து, மேலும் ராகியைப் போட்டு மறுபடி தலைதட்டுங்கள். அண்டாவில் மிஞ்சி நிற்கும் ராகிதான் பேட்டர்னின் இடம். லிட்டர் படியால் அளந்து பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டும், ஒரு தடவை பெட்டியைக் குலுக்கி மறு தடவை குலுக்காமல் விட்டால் தானியம் அடைகிற அடர்த்தி மாறி எண் ஏமாற்றும்.

பாலக்கோடு லேத்:
மூன்று நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எல்லாம் செய்து பார்த்தேன். எண்களை அப்படியே தருகிறேன்.

பைன் துண்டு 100 கன சென்டிமீட்டர், 48 கிராம் இருந்தது. 268 வகுத்தல் 48, ஏறத்தாழ 5.6 மடங்கு. நாலு எங்கே, 5.6 எங்கே! தேக்குத் துண்டு 65 கிராம், 4.1 மடங்கு. பாஸைக் கழற்றி எடை போட்டேன், மொட்டோடு 350 கிராம். ரிம்மும் பலகையும் 1,075 கிராம், ஸ்க்ரூக்கள் ஐந்து கிராம் தனியாக. ஆக 6.02-ம் 1.44-ம், மொத்தம் 7.46 கிலோ. கோர் மணலில் சிலிகேட் கலந்து கேஸ் அடித்து இறுக்கியது, 250 கிராம், அதற்கு 0.42 கழித்தால் 7.04 கிலோ வருகிறது.

அப்புறம் வாத்தியார் சொன்ன ராகி. வீட்டில் அம்மா முதலில் விடவில்லை, தின்கிற தானியத்தில் மரத்தைப் புதைப்பதா என்று கேட்டார், பேட்டர்னைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிக் காட்டிய பிறகு அவரே தலைதட்டிக் கொடுத்தார். இரண்டு தடவை அளந்தேன், 2.8 லிட்டர். கோருக்கு 0.16 போக 2.64, அதை 2.68-ஆல் பெருக்க 7.08 கிலோ. தராசும் ராகியும் 40 கிராம்தான் வித்தியாசம்! முதல் தடவை நான் உருக்கியதே ஏழு கிலோவுக்குக் குறைவு, அதில் ரன்னர் வேறு. ரிம் நிரம்பாததில் அதிசயமே இல்லை.

பழைய மோல்டர்:
நல்லது தம்பி. இனி அடுப்பில் எவ்வளவு போடுவது என்று பார்ப்போம். புல்லி 7.1. ஊற்றுவாய், ரன்னர், இரண்டு ரைசர், கிண்ணம் 2.6 வைத்துக்கொள்ளுங்கள். 9.7 ஆயிற்று. உருக்கும்போது கசடாகப் போவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து, அரை கிலோ. மூசையில் (உருக்கும் பாத்திரம்) ஒட்டுவதற்கும் மனத் தைரியத்துக்கும் இன்னொரு முக்கால் கிலோ. பதினொன்று போடுங்கள்.

அந்தப் பதினொன்றும் சுத்த உலோகமாக இருக்க வேண்டும். பழைய பிஸ்டன், இஞ்சின் கவர் போட்டு உருக்குகிறீர்கள் என்றால் பிஸ்டன் பின், ரிங், உள்ளே பதித்த இரும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு எடை போடுங்கள். லேத் சுருளை எடையில் நம்பவே நம்பாதீர்கள், எண்ணெயும் தோலுமாகப் பாதிக்குப் பாதி கசடாகிவிடும். அப்படியே உருக்கிக் கட்டியாக வார்த்து வைத்துக்கொண்டு கட்டியை எடை போடுவதே மேல்.

மூசை நம்பர் என்பது ஏறத்தாழ அது கொள்ளும் பித்தளையின் கிலோ. அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். பதினொரு கிலோவுக்கு 40 நம்பர் விளிம்பு வரை வந்துவிடும், தூக்கும்போது தளும்பும், 50 நம்பர் எடுங்கள். மிஞ்சுகிற உலோகத்தை மூசையிலேயே இறுக விடக்கூடாது, அடுத்த சூட்டில் கட்டி விரிந்து மூசை வெடிக்கும். கட்டி வார்க்கும் இரும்புத் தொட்டியை முன்னாலேயே அடுப்பருகில் வைத்துச் சூடாக்கி வையுங்கள், ஈரம் ஒரு துளி இருந்தாலும் உலோகம் முகத்தில் அடிக்கும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

ராயக்கோட்டை வரைபடம்:
பாலக்கோடு நண்பர் தனியாக அனுப்பிய அளவுகளை வைத்து வரைந்தேன். கடைசல் முடிந்த புல்லியாக வரைந்தால் பெல்ட் பள்ளம் எல்லாம் போக ஐந்து கிலோவுக்குக் கீழேதான் காட்டுகிறது. அதையே பேட்டர்னை அளந்து, கடைசல் பங்கு, சரிவு எல்லாம் சேர்த்து மறுபடி வரைந்தபோது 7.03 கிலோ. மோல்டர் ஐயா சொன்னது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. கம்பெனியில் வார்ப்பின் எடை என்று நாங்கள் தாளில் எழுதுவதையும் பவுண்டரிக்காரர் கேட்கிற எடையையும் வைத்து ஏன் வாக்குவாதம் வருகிறது என்பதும் புரிகிறது.

பாலக்கோடு லேத்:
நேற்று ஊற்றினேன். 50 நம்பர் மூசையை தருமபுரியில் வாங்கினேன். சுத்தம் செய்த துண்டுகள் சரியாக 11 கிலோ. இரண்டு ரைசரிலும் உலோகம் ஏறி வந்து நின்றதைப் பார்த்தபோது கை நடுங்கியது, சந்தோஷத்தில். காலையில் பிரித்து எல்லாவற்றையும் தராசில் போட்டேன். புல்லி 6.8 கிலோ. வெட்டிய ரைசர், ரன்னர், கிண்ணம் எல்லாம் 2.65. கட்டியாக வார்த்தது 1.05. கசடு 450 கிராம். கூட்டினால் 10.95, மீதி ஐம்பது கிராம் தரையில் சிதறியது. ஒரே ஒரு சந்தேகம். கணக்கில் 7.04, ராகியில் 7.08, வந்தது 6.8. அந்தக் கால் கிலோ எங்கே போனது?

பழைய மோல்டர்:
எங்கேயும் போகவில்லை. பேட்டர்ன் செய்யும்போது அலுமினியச் சுருக்கத்துக்காக மீட்டருக்கு 13 மில்லி சேர்த்துத்தானே அளந்தீர்கள்? நீளம் அகலம் உயரம் மூன்று பக்கமும் அவ்வளவு சுருங்கினால் கன அளவில் நூற்றுக்கு நாலு பங்கு. ஏழு கிலோவில் நாலு பங்கு 280 கிராம். உங்கள் புல்லி பேட்டர்னைவிட அவ்வளவு சின்னது, அவ்வளவுதான் விஷயம். இந்த நாலு பங்கு நமக்குச் சாதகமான பக்கம் விழுவதால் உருக்கும் கணக்கில் நான் அதைக் கழிப்பதே இல்லை. மில்காரருக்கு எடைக்கு விலை பேசும்போது மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

பேட்டர்ன் அடியில் பெயிண்டால் எழுதி வையுங்கள்: அலுமினியம், உருக்க 11 கிலோ, கோர் 250 கிராம். ஐந்து வருடம் கழித்து யாராவது அதே புல்லி கேட்டு வரும்போது இதையெல்லாம் மறுபடி தேட வேண்டாம்.

பாலக்கோடு லேத்:
எழுதிவிட்டேன் ஐயா, சிவப்புப் பெயிண்டில். பக்கத்தில் ராகி 2.8 லிட்டர் என்றும் எழுதினேன். மில்காரர் வந்து பார்த்துவிட்டு இதே அளவில் வார்ப்பிரும்பில் ஒன்று கேட்கிறார். 2.64-ஐ 7.2-ஆல் பெருக்கினேன், 19 கிலோ. என் அடுப்பில் இரும்பு உருகாது, பேட்டர்னை எடுத்துக்கொண்டு ஓசூர் போக வேண்டும். இரும்புக்குச் சுருக்கம் மீட்டருக்கு 10 மில்லிதான் என்பதால் கொஞ்சம் பெரிதாக வரும், கடைசல் பங்கில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஓசூர் மரவேலை அண்ணா, உங்கள் பக்கம் ஒற்றை உருப்படிக்கு ஊற்றித் தரும் பட்டறை தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

ஓசூர் மரவேலை:
சொல்கிறேன். வரும்போது கோர் பெட்டியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.